எருக்கஞ்செடியில் அம்பு ஸ்டிக்கர்

போன ஞாயிற்றுக்கிழமை, டிக்கெட் எடுத்து எருக்கஞ்செடி பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டு காம்பவுண்டுக்குப் பின்னால் சும்மாவே நாலைந்து நிற்கிறது. அப்பப்போ ஆள் விட்டு வெட்டிப் போடுகிறோம். அதே செடி... இங்கே அதற்குப் பாத்தி கட்டி, பக்கத்தில் லத்தீன் பெயரோடு போர்டு வைத்து, 'தொடாதீர்கள்' என்று வேறு எழுதியிருந்தார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம், அருள்புரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இந்தத் தாவரவியல் பூங்கா திறந்து நாளாகிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். உள்ளே என்னதான் வைத்திருப்பார்கள்? எங்களுக்குத் தாவரவியல் பூங்கா என்றால் ஊட்டி. ஸ்வெட்டர், வேர்க்கடலை, புல்வெளியில் குடும்பப் போட்டோ. பனியன் கம்பெனிகளுக்கு நடுவே, இந்த வெயிலில், அப்படி என்ன முளைத்துவிடும்? ஆசை இருந்தது. கூட வரத்தான் ஆள் இல்லை.

கடைசியில் ஆள் கிடைத்தார். எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் எஸ்தர்.

எஸ்தருக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். பிழைக்க வந்து பாதி ஆயுசு இங்கேயே போய்விட்டது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்துப் போட்டு, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் – எது கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, 'டேமேஜ்' என்று ஒதுக்க வேண்டும். எஸ்தரைத் தாண்டி ஒரு ஓட்டை வெளிநாடு போனதில்லை என்று கம்பெனியில் பேச்சு.

அந்தக் கண்ணில்தான் புரை விழுந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் கம்பெனி இன்சார்ஜ் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். திங்கட்கிழமை வந்ததும் ஒரு பண்டல் கொடுப்பார்களாம். அதில் எதெல்லாம் டேமேஜ் என்று அவர்களுக்கு முன்னாடியே தெரியுமாம். எஸ்தர் பிடித்துவிட்டால் பழைய மேஜை. கோட்டை விட்டால், அட்டைப்பெட்டி ஒட்டுகிற பேக்கிங் செக்‌ஷன்.

"பெட்டி ஒட்டுறது ஒண்ணும் கேவலம் இல்லக்கா. கண்ணு போச்சுன்னு சொல்லி அங்க அனுப்புனா, அதத்தான் என்னால தாங்க முடியாது" என்றார் எஸ்தர்.

அந்த வாரம் முழுக்க மனுஷிக்கு அதே கவலை. மொட்டை மாடியில் காயும் என் நைட்டியைக்கூட விடவில்லை. "அக்கா, கக்கத்துல தையல் விட்டிருக்கு" என்று மேலிருந்து சத்தம் போட்டுச் சொல்லி, தெருவுக்கே தெரிய வைத்தார். பச்சையைப் பார்த்தால் கண்ணுக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். நான் விடுவேனா?

"அப்பறமென்னுங்க எஸ்தரு, நாளைக்கே பூங்காவுக்குப் போயிரலாம் வாங்க" என்று கிளப்பிவிட்டேன்.

உள்ளே நுழைந்ததும் நான் என் வேலையை ஆரம்பித்தேன். "ஆஹா! என்ன பசுமை! என்ன அமைதி!" அப்புறம் போர்டு போர்டாகப் படித்துக்கொண்டே நடந்தேன். ஊட்டி மாதிரி ஒன்றும் இல்லை. ஊஞ்ச மரம், வெள்வேல், ஆவாரை, கறிவேப்பிலை, வில்வம்... எல்லாம் நம் காட்டு ஓரத்து ஆசாமிகள். ஆனால் பாருங்கள், போர்டு வைத்ததும் மரியாதை வந்துவிடுகிறது. ஆவாரைக்கு இவ்வளவு நீளமாக ஒரு பெயர் இருக்கிறதா? யார் வைத்திருப்பார்கள்? வைத்தவர் ஆவாரம்பூவைப் பார்த்திருப்பாரா? எனக்கு இப்படிக் கேள்விகள் வந்தபடி இருந்தன.

எஸ்தர் வெள்ளெருக்கின் முன்னால் நின்றுவிட்டார். பூவையே பார்த்தார்.

"வெள்ளை இம்புட்டு வெள்ளையாவாக்கா இருக்கும்? இத்தன வருஷமா நான் பாஸ் பண்ணி விட்ட வெள்ளையெல்லாம் என்ன வெள்ளையோ தெரியலியே!"

நான் சிரித்துவிட்டு நடந்தேன். வில்வம் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் ஆளைக் காணோம். எருக்கம் பாத்தியிலேயே குனிந்து நிற்கிறார். கிட்டே போய்ப் பார்த்தேன்.

எருக்க இலை எல்லாம் சிவப்பு அம்பு! நம் கைப்பையில் ஊக்கு கிடப்பது போல அவர் பையில் எப்போதும் அந்த ஸ்டிக்கர் ஷீட் கிடக்கும். எடுத்து, இலையில் எங்கெல்லாம் ஓட்டையோ அங்கெல்லாம் ஒட்டி வைத்திருக்கிறார். பக்கத்து எலுமிச்சைச் செடியையும் முடித்துவிட்டார்.

"எஸ்தரு! என்ன பண்றீங்க?"

"செக் பண்ணிப் பாக்குதேன்க்கா. நாளைக்கு விட்டுருவேனோன்னு பயமா இருக்கு. இதுல பழகிக்கிடலாம்லா?"

திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. அதற்குள் பூங்காவைப் பார்த்துக்கொள்கிறவர் கையில் ரப்பர் குழாயோடு வந்துவிட்டார். கதிர்வேல் என்று பெயர். நாற்பது வயது இருக்கும். போச்சு, ஃபைன்தான் என்று நினைத்தேன்.

"ஏனுங்கம்மா... இதென்னுங்க, செடிக்குப் போயி ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கறீங்க?"

"இலை பூரா ஓட்டையா இருக்கு சார். சொல்லணும்லா?" என்றார் எஸ்தர், கம்பெனியில் தையல்காரரிடம் பீஸைத் திருப்பிக் கொடுக்கிற அதே குரலில்.

கதிர்வேல் ஒரு ஸ்டிக்கரைப் பிய்க்கக் குனிந்தார். பிய்க்கவில்லை. இலையை மெல்லத் திருப்பினார். அடியில் ஒரு புழு – மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக, டிசைனர் போட்ட கோடு மாதிரி. அடுத்த அம்பைப் பார்த்தார். அங்கேயும் ஒன்று.

"பட்டாம்பூச்சிப் புழுவுங்க. அதுக திங்கட்டும்னுதான் இந்தச் செடியே வெச்சிருக்கறதுங்க. ஓட்டை இல்லைனாத்தான் எங்களுக்குக் கவலை." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "எனக்குச் சொந்த ஊரு குண்டடமுங்க. எங்க தோட்டத்துல புழுவைக் கண்டா எங்கப்பன் மருந்து டப்பாவத் தூக்கிட்டு வந்துருவாரு. இங்க அதுக்குக் காவல் இருக்கறதுக்கு எனக்குச் சம்பளம்!"

ஸ்டிக்கர் அப்படியே இருக்கட்டும் என்றார். மறுநாள் ஸ்கூல் பிள்ளைகள் வருகிறார்களாம். புழு எங்கே எங்கே என்று கேட்டால் காட்டச் சௌகரியமாக இருக்குமாம். எஸ்தருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

"சார், நான் எதுவும் விட்டுட்டேனா? நல்லா பாத்துச் சொல்லுங்க."

கதிர்வேல் எருக்கைச் சுற்றி வந்தார். எதுவும் விடவில்லை என்று தலையாட்டினார். எலுமிச்சைக்குப் போனார். ஒரு கிளையைத் தாழ்த்திப் பிடித்து, கொஞ்சம் தயங்கி, "இங்க ஒண்ணு விட்டுட்டீங்களேங்..." என்றார்.

எஸ்தரின் முகம் அப்படியே இறங்கிப் போயிற்று. எனக்கு அந்த மனுஷன் மேல் ஆத்திரமாக வந்தது. இல்லை என்று சொல்லித் தொலைத்தால் என்ன? நாளைக்குப் பரீட்சைக்குப் போகிறவரிடமா இதைச் சொல்வார்கள்? இங்கே கூட்டிக்கொண்டு வந்த என் மேல்தான் அதைவிடக் கோபம்.

எஸ்தர் கிட்டே போய்ப் பார்த்தார். நானும் பார்த்தேன். இலை மேல் பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ காக்கை போட்டுவிட்டுப் போன எச்சம். வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

"இதா?" எஸ்தர் நிமிர்ந்தார். "இதப் பாத்தேனே! குருவி எச்சம்னுலா நெனச்சேன்! கறை, வாஷ்ல போயிரும்னு விட்டேன். அத நாங்க டேமேஜுல சேக்க மாட்டோம்."

கதிர்வேல் ஒரு புல்லை ஒடித்து அந்த 'எச்சத்தை' லேசாகத் தொட்டார். அது தலையைத் தூக்கிக் குட்டிக் கொம்பு ஒன்றை நீட்டியது! நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

"இதுவும் பட்டாம்பூச்சிப் புழுதானுங்க. எச்சமுன்னு நெனச்சுப் பறவை விட்டுட்டுப் போகோணும்னுதான் இந்த வேஷம் போட்டுக்குது."

"அப்ப... எங்கண்ணு இதப் பாத்துட்டுத்தானே?"

"பாத்துருச்சுங்க. கறைன்னு சொன்னது நீங்கதானுங்க."

எஸ்தர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். கண்ணாடியை மட்டும் துடைக்கவில்லை. அங்கே நின்ற கொஞ்ச நேரம், ஒரு புழுவுக்கு இவ்வளவு நன்றி சொல்ல முடியும் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்று யோசித்தேன். குறை கண்டுபிடிக்கிறவர்களை நாம் யாருமே விரும்புவதில்லை... மாமியாரிலிருந்து ஆடிட்டர் வரைக்கும். ஆனால் குறை சொல்ல வேண்டுமானால் முதலில் உற்றுப் பார்த்தாக வேண்டுமே? 'ஆஹா, என்ன பசுமை' என்று சொல்ல அது தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். நான் அப்படித்தான் சொன்னேன். பூங்கா முழுக்கச் சுற்றி நான் பார்த்தது போர்டுகளைத்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம். கம்பெனி வேன் வந்து நிற்கும் சத்தத்தில் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். எஸ்தர் இறங்கி நிதானமாக வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னாச்சுங்க?"

"மேஜை எனக்குத்தான்க்கா. ஒண்ணுகூட விடல."

"அப்பாடா! ரொம்பப் பயந்தீங்களா?"

"என்னத்துக்கு? கண்ணு நேத்தே பாஸாயிட்டு. இன்னைக்கி வெறும் பனியன்தானக்கா!"