பக்கீர் டெய்லரின் நோன்பு

கடைப் பலகைகளைக் கழற்றுமுன் பக்கீர் தம் கணுக்காலை அளப்பார். உடுத்திருக்கும் சாரத்தை முழங்காலுக்கு ஏற்றி, அளவு நாடாவைச் சுற்றி, வந்த எண்ணைப் பென்சிலால் சுவரில் எழுதுவார். ஒன்பதேகால் அங்குலம் என்றால் நல்ல நாள். பத்தைத் தாண்டினால் கடை திறக்காது. ஏறாவூரிலிருந்து மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குப் பஸ் ஏறிவிடுவார்.

ஊருக்கே சட்டையும் தொப்பியும் தைக்கிற மனிதர். வாய் மட்டும் சும்மா இருக்காது. தம் நோயையும் வருகிறவர்களிடம் கதையாகவே சொல்வார். "உடம்புக்குக் காவல் நிக்கிற படையே எண்ட குண்டிக்காய அடிக்குதாம். டொக்டர் செல்றாரு." சிறுநீரகத்தைத்தான் சொல்கிறார். வேலியே பயிரை மேய்ந்த கதை. "அதுக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இரிக்காம். அதுல ஊறுற சாமானைத்தான் குளிசையாத் தாறாங்க. அல்லாஹ் தைச்ச தொப்பி, அளவு பிசகாது."

அந்த மாத்திரை கால் வீக்கத்தை வடித்தது. முகத்தைப் பேக்கரிப் பணிஸ் போல உப்ப வைத்தது. "பக்கீருக்குச் சுகம் வந்திட்டு, கன்னத்தைப் பாருங்க" என்று கடைத்தெருவே மெச்சியது. பாவம், அவரும் நம்பிவிட்டார். போன வருடம் நோன்பு பிறந்ததும் குளிசையை அடியோடு நிறுத்தி, முப்பதையும் பிடிப்பேன் என்று நின்றார். ஐந்தாம் நாள் தையல் மெஷின் மேலேயே சாய்ந்தார்.

"உங்கட உடம்பு தானாச் சுரக்கிறத மறந்து போய்க் கிடக்கு. திடீரெண்டு குளிசைய விட்டா உயிர் போயிரும்" என்றார் ஆசுபத்திரியில் டொக்டர் நல்லரத்தினம். பகல் குளிசை தப்பக்கூடாது, நோன்பும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். மனைவி ஸைனம்பு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீடு திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று.

மறுபடி நோன்பு வந்தது. பெருநாள் தையலுக்குக் கடை நிறைய ஆட்கள். நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்த பள்ளிவாசல் நிர்வாகி, மரைக்கார் மஜீட், வாங்குப் பலகையில் அமர்ந்து பக்கீரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முகம் நல்லாச் செழிச்சிரிக்கே தம்பி. இந்த முறை நோன்பெல்லாம் பிடிக்கிறதானே?"

எல்லோரும் திரும்பினார்கள். ஓம் என்ற ஒரு சொல்லில் மானம் தப்பிவிடும். குளிசை நேரமோ தாண்டிக்கொண்டிருந்தது.

பக்கீர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். மடியிலிருந்து நான்கு குளிசைகளை எடுத்து, உள்ளங்கையை விரித்து மரைக்காரிடம் காட்டிவிட்டு, அவர் கண்முன்னாலேயே வாயில் போட்டுத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.