ரோஸ்மேரி சத்தத்தை நிறுத்திய கதை

திருப்பூருக்கு வந்த புதிதில் ரோஸ்மேரி பனியனுக்குக் கைமடிப்புத் தைத்தாள். சாத்தான்குளத்துக்காரிக்குத் தையல் மெஷின்களின் இரைச்சல் ஒத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்து ஒரு வகுப்புக்குப் போய், கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடக் கற்றுக்கொண்டாள். கிட்டுசாமியின் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. ஓர் அளவில் வரைந்த சட்டையை மற்ற அளவுகளுக்குப் பெருக்கியும் சுருக்கியும் கொடுக்க வேண்டும்.

உட்கார்ந்த முதல் நாளே, இதற்குத் தையல் மெஷினே தேவலை என்று தெரிந்துவிட்டது. பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டருக்குள் இருந்த ஃபேன் முழு வேகத்தில் அலறியது. அணைக்கும்வரை அலறியது. அது அதன் சுபாவம் என்றார்கள். பொறுத்துக்கொண்டாள்.

நாளாவட்டத்தில் வீட்டிலும் உரக்கப் பேச ஆரம்பித்தாள். ஒருநாள் சோற்றில் கை வைத்தபடி புருஷன் அந்தோணிராஜ் கேட்டான்: "ஏன் இந்தச் சத்தம் போடுத? நான் என்ன மூலனூர்லயா இருக்கேன்?"

மறுநாள் அவள் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு தலையணைக்குத் தேறும் அளவுக்குப் பஞ்சு இருந்தது. தையல் மெஷின்களுக்குக் காற்றடிக்கும் குழாயை வைத்து எல்லாவற்றையும் ஊதினாள். ஃபேன் சுத்தமாகி, முன்போலவே அலறியது.

பிறகு ஒரு சாஃப்ட்வேரை இறக்கி, ஃபேனை ஒரே அடியாகக் குறைத்து வைத்தாள். மதியம்வரை அமைதியாக இருந்தது. மதியம் சூடேறி, கம்ப்யூட்டரே அணைந்துபோனது. காலையிலிருந்து போட்ட காலர் அத்தனையும் போயிற்று. ரோஸ்மேரி ஃபேனைப் பழையபடி அலறவிட்டு, காலரை மறுபடி போட்டுக் கொடுத்துவிட்டு, சர்வீஸ்காரர் முருகவேலுக்குப் போன் செய்தாள்.

"சூடு எவ்வளவு காட்டுதுங்கக்கா?"

"ப்ராசசர் நாப்பத்தி ரெண்டு. கீழ பேரில்லாம ஒண்ணு கெடக்கு. அது நூத்தி இருபத்தி ஏழுங்கு."

ரோஸ்மேரி பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்திருந்தாள். டிபன் பாக்ஸ் அளவுக்குக்கூடச் சூடில்லை.

"அந்த எடத்துல சென்சாரே மாட்டியிருக்காதுங்கக்கா. இல்லாத சென்சாரு அப்படித்தான் காட்டும். ஃபேன் அதைப் பாத்துட்டு ஓடுதான்னு பாருங்க."

கம்ப்யூட்டரை அணைத்து, திரும்பப் போட்டதும் செட்டிங்ஸுக்குள் போனாள். அதேதான். இல்லாத ஒன்றின் காய்ச்சலுக்கு ஃபேன் இத்தனை நாளாக விசிறிக்கொண்டிருந்தது. இனி ப்ராசசரின் சூட்டைப் பார்த்து ஓடும்படி மாற்றி வைத்தாள். ஃபேன் ஒருமுறை மூச்சு வாங்கிவிட்டு அடங்கியது. வேலை கூடினால் கொஞ்சம் வேகமெடுத்தது, குறைந்தால் தணிந்தது. ரோஸ்மேரிக்கு மனசு நிறைந்திருந்தது.

அப்போதுதான் முதலாளியின் குரல் கேட்டது.

கிட்டுசாமியின் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பு. அது கூரையைத் தொடவில்லை. அந்தப் பக்கம் அவர் காதர்பேட்டை வியாபாரி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மூலனூர்ல தெச்ச சரக்கு அப்பவே கெளம்பிருச்சுங்க. வண்டி அவிநாசிபாளையம் தாண்டி வந்துட்டிருக்குதுங்க."

ரோஸ்மேரி திரையைப் பார்த்தாள். அந்தச் சரக்கின் தோள் அளவை அவள் இன்னும் முடிக்கவில்லை. துணியே வெட்டவில்லை.

அடுத்து வீட்டுக்குப் போன் போட்டு, மதியம் களிதான் சாப்பிட்டதாக மனைவியிடம் சத்தியம் செய்தார். அவர் சாப்பிட்ட பரோட்டாவை வாங்கி வந்ததே செக்கிங்கில் இருக்கும் முத்துப்பேச்சிதான்.

டீ நேரத்தில் முத்துப்பேச்சி வந்ததும் ரோஸ்மேரி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "நம்ம முதலாளி வண்டியே இல்லாம லோடு ஓட்டுதாவ."

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. முத்துப்பேச்சி டம்ளரோடு போய்விட்டாள்.

கிட்டுசாமி வந்து கம்ப்யூட்டரைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, பொட்டி சத்தத்தையே காணோம்?"

"சரி பண்ணிட்டேன் முதலாளி."

"நல்லதுங்க." தடுப்புக்கு மேலே இருந்த இடைவெளியைப் பார்த்தார். "முன்ன மாதிரி வெக்க முடியுமா?"

ரோஸ்மேரி யோசித்தாள். "முழுசா வேண்டாம் முதலாளி, தல வலிக்கும். பாதி வெக்கேன்."

ஃபேனின் குறைந்தபட்ச வேகத்தைக் கூட்டிவிட்டு, அவரை அறைக்குள் போய்ப் பேசச் சொன்னாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு இல்லாத வியாபாரியிடம், "வண்டி தாராபுரம் ரோட்டுல வருதுங்க" என்றார்.

"கேக்குதா?"

"கேக்கு முதலாளி."

இன்னும் கூட்டினாள். அவர் மறுபடி சொன்னார்.

"இப்ப?"

"வண்டி கேக்கு. ரோடு கேக்கல."

அதற்கும் மேலே கூட்டியபின் அந்தப் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை. ரோஸ்மேரி காத்திருந்தாள். கடைசியில் கிட்டுசாமியே எழுந்து வந்தார்.

"கேக்குதான்னு நாலு தடவ கேட்டேன். பதிலே காணோம்."

"கேக்கல முதலாளி."

"அப்பச் சரிங்க" என்று உள்ளே போனார்.

அந்த வேகத்தையே பதிந்து வைத்தாள். பழைய அலறல் இல்லை, ஒரு மிக்சி அடுத்த வீட்டில் ஓடுவதுபோல இருக்கும். அவளும் முத்துப்பேச்சியும் இப்போது டீயை வெளியே தண்ணீர்த் தொட்டி ஓரம் குடிக்கிறார்கள். அங்கே நல்ல நிழல்.