ராஜபாளையத்துக்கு எடுத்துப்போன செய்தி

போன மே மாதம், போனில் சொல்ல மனம் வராத ஒரு செய்தியை நேரில் சொல்ல ராஜபாளையம் போனேன். சென்னையில் இரவு ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம்.

மெஹருன் அந்த ஊர்க்காரி. முனைவர் பட்டம் முடித்து, வீட்டிலிருந்தபடியே என்னோடு ஒரு கணித ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவந்தாள். அது வெளியானால் வெளிநாட்டு ஆராய்ச்சி வேலைக்கு விண்ணப்பிப்பதாக இருந்தாள்.

எங்கள் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன் (வேண்டாதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம்). ஒரு தகட்டில் வெப்பம் பரவுவதைக் கணிக்க எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய மிகப்பெரிய அணியின் (மேட்ரிக்ஸின்) சார்பு ஒன்று தேவை. அதை முழுதாகக் கணக்கிட முடியாது. கிரைலோவ் துணைவெளி என்ற சின்ன வெளிக்குள் தோராயமாகக் காணலாம். வெறும் பெருக்கலால் அதைக் கட்டினால் படிகள் ஏராளம். படிக்கொரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்த்துக் கட்டுவது விகிதமுறு முறை. அதில் சில படிகளே போதும், துருவங்கள் என்னும் எண்களைச் சரியாகத் தேர்ந்தால். அந்தத் தேர்வுக்குச் சமச்சீர் என்ற ஒருவகை அணிகளில் மட்டும் நிரூபணம் கிடைத்திருந்தது; வேலையில் பாதி அது. மற்ற அணிகளுக்கும் முடித்து ஒன்றாக அனுப்பலாம் என்றாள் மெஹருன். நானும் சரி என்றேன்.

ஸ்டேஷனில் காத்திருந்த மெஹருன் என்னை நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றினாள். பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம்கூட ஆகாது. சூடாகப் பால்கோவா வாங்கித் தந்தாள். மடவார் வளாகம் கோயிலைப் பார்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்தோம். நான் தொண்டையைச் செருமினேன்.

"தெரியும்க்கா. அந்தச் சமச்சீர் கணக்க வேற ஆளுக கட்டுரையாப் போட்டுட்டாக. போன வாரமே பாத்தேன். சொன்னா நீங்க வரமாட்டீகன்னுதான் சொல்லல."

கட்டுரையாக வெளியிட, எங்கள் கையில் இருந்த பாதியே போதுமாயிருந்திருக்கிறது. மீதிப் பாதியை முடிப்போம் என்று கெஞ்சிப் பார்த்தேன். ஜூனில் பள்ளிக்கூட வேலைக்குச் சேர்வதாகச் சொன்னாள். "இனி ஏலாதுக்கா" என்றவள், கைதுடைத்த காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது ராஜபாளையத்தில் அவள் அத்தாவின் பெயின்ட் கடைக்குக் கூட்டிப்போனாள். அவர் எனக்கு நன்னாரி சர்பத் வரவழைத்தார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகளின் கட்டுரையைப் பற்றிச் சொல்லிவருகிறாராம்.

"எப்பம்மா வருது?" என்று என்னிடம் கேட்டார்.

நான் மெஹருனைப் பார்த்தேன். "இன்னும் கொஞ்ச நாளாகும் அத்தா" என்றாள், மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே.

ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர்கள் வெயிலுக்கு முன் கோயில்களைப் பார்த்துவிடுங்கள். பால்கோவாவைச் சூடாகவே சாப்பிடுங்கள். கையில் பாதி முடிந்த வேலை இருந்தால், அந்தப் பாதியை அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.