சிரித்தவள் எழுந்து நிற்க வேண்டும்

காலை ஏழு பத்து லோக்கலில் பெண்கள் பெட்டி வேப்பம்பட்டிலேயே நிரம்பிவிடும். பட்டாபிராமில் ஏறுகிற யுவராணிக்கு மேலே தொங்கும் கைப்பிடிதான் கதி. உட்கார இடம் அவ்வளவு அருமையான அந்தப் பெட்டியில் ஒரு சட்டம் உண்டு. போகிற வழியில் ஆங்கிலம் பேசிப் பழகும் ஏழெட்டுப் பெண்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்டது. தப்பாகப் பேசினால் குற்றமில்லை. அதைக் கேட்டுச் சிரித்தால் குற்றம். சிரித்தவள் எழுந்து, யாரைப் பார்த்துச் சிரித்தாளோ அவளுக்குத் தன் இடத்தை விட்டுவிட வேண்டும்.

சட்டம் போட்டவள் ராஜகுமாரி. பாரிமுனையில் ஒரு வக்கீலிடம் இருபது வருஷமாக டைப்பிஸ்ட். பேச்சில் கொஞ்சம் அதட்டல் இருக்கும், கைப்பையில் எப்போதும் வேர்க்கடலை இருக்கும்.

யுவராணியின் அம்மா வெள்ளானூரில் அடுத்தவர் வயலில் களை எடுத்தவள். யுவராணி பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தாள். பதினாறு வருஷத்தில் ஆறு கடைசல் மிஷின்கள் கொண்ட ஒரு முழு லைன் அவள் பொறுப்புக்கு வந்திருந்தது. உலோகத்தைச் சீவுகிற முனை தேயத் தொடங்குவது அளக்கிற கருவிக்குத் தெரியுமுன் அவள் காதுக்குத் தெரியும். மிஷின் தொண்டையைக் கனைப்பதுபோல ஒரு சின்ன மாற்றம். உடனே நிறுத்திவிடுவாள்.

போன வருஷம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வந்தபோது அவள் லைனைப் பற்றிப் பேசியது ஹேமநாதன். அப்போதுதான் சேர்ந்திருந்த இன்ஜினியர். அவள் காது செய்த வேலையை அவன் ஏதோ பெரிய பெயர் சொல்லி விளக்கினான். அவர்கள் அவனிடம் கைகுலுக்கினார்கள். யுவராணி பக்கத்தில் கைகட்டி நின்றாள். மறுநாள் காலை ரயிலில் ராஜகுமாரியிடம் போய், தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்.

அவளுக்குச் சின்னச் சின்ன வாக்கியங்கள் தகராறு செய்யவில்லை. ஆங்கிலத்தில் எல்லோரும் எடுத்துவிடும் அந்த ஆயத்தச் சொற்றொடர்கள்தான் காலை வாரின. ஒருவர் எப்படியும் இருப்பார் என்று அருமை தெரியாமல் நடத்துவதற்கு ‘டேக்கன் ஃபார் கிராண்டட்’ என்று ஒன்று உண்டு. அவள் அதை ரொம்ப நாளாக ‘கிரானைட்’ என்றே சொல்லிவந்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஏன் அப்படி நினைத்தாய் என்று ராஜகுமாரி மட்டும் கேட்டாள்.

“கிரானைட் தரைன்னா எல்லாரும் மிதிச்சிகினு போவாங்கல்ல. என்னையும் அப்படித்தானே மிதிக்கிறாங்கன்னு நெனச்சேன்க்கா.”

ராஜகுமாரி கைப்பையிலிருந்து நாலு வேர்க்கடலையை எடுத்து அவள் கையில் வைத்தாள். “தப்புதான். ஆனா அதுலயும் ஒரு நியாயம் கீது” என்றாள்.

இன்னொரு நாள் சட்டம் போட்டவளே மாட்டினாள். முளையிலேயே கிள்ளுவது என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் மொட்டிலேயே கிள்ளுவது, ‘நிப் இன் த பட்’, என்பார்கள். யுவராணி வாயில் அந்த மொட்டு பிட்டமாகிவிட்டது. பிழை அவள் பேரில் மட்டுமில்லை. செல்போனில் தமிழ் எழுத்தில் குறித்துவைத்திருந்தாள், தமிழில் எழுதினால் இரண்டும் ‘பட்’தான். ராஜகுமாரி வேர்க்கடலை புரையேறச் சிரித்தாள். பெட்டியே அவளைப் பார்த்தது. முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். அன்றைக்குத் தான் இறங்கும் பட்டரவாக்கம் வரை யுவராணி ராணியாட்டம் உட்கார்ந்து போனாள்.

இந்த வருஷப் பார்வைக்குத் தேதி வந்ததும் யுவராணி நேராக மேனேஜர் ராகவனிடம் போனாள். என் லைனைப் பற்றி நானே பேசுகிறேன் என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் பயந்தவர். நடுவில் பேச்சு நின்றுவிட்டால் கம்பெனி மானம் போய்விடும் என்றார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். ஹேமநாதன் பக்கத்திலேயே இருப்பான். அவள் எங்கே திணறுகிறாளோ அங்கிருந்து அவன் எடுத்துக்கொள்வான்.

ஹேமநாதன் இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலம் எழுதிக்கொண்டுவந்து ராகவன் எதிரிலேயே கொடுத்தான். முதல் வரியிலேயே, எல்லா வகையிலும் என்ற பொருளில், ‘ஃபார் ஆல் இன்டென்ஸிவ் பர்ப்பஸஸ்’ என்றிருந்தது. அது ‘இன்டென்ட்ஸ் அண்ட் பர்ப்பஸஸ்’ என்று போன மாதமே அந்த ரயில் பெட்டி மூன்று முறை சொல்லிப் பழகியிருந்தது. அவள் வாயோரம் துடித்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், போன வருஷத்துக் கணக்கு நேராகிவிடும். அவள் காகிதத்தை மடித்துக்கொண்டாள். ராகவன் போன பிறகுதான் பிழையைக் காட்டினாள்.

அவன் காது சிவந்துவிட்டது. காலேஜ் முழுக்க அப்படித்தானே சொன்னோம் என்றான்.

“நானும் அப்படித்தான் சொல்லிகினு இருந்தேன் தம்பி. மூணு தபா வாய்விட்டுச் சொல்லு, வந்துடும். ஆனா இந்தப் பேப்பர் எனக்கு வாணாம். இதுல என் லைனே இல்ல.”

பார்வையிட வந்தவர்கள் இரண்டு பேர். கேள்வி கேட்டதெல்லாம் நரைமுடிப் பெண்மணிதான். முதல் இரண்டு மிஷின்களை யுவராணி சின்னச் சின்ன வாக்கியங்களில் தாண்டினாள். மூன்றாவது மிஷின் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் வருவதற்குச் சற்று முன்தான் அவளே நிறுத்தியிருந்தாள். பாகம் கெட்டுவிட்டதா என்று கேட்டாள் அந்தப் பெண்மணி. இல்லை, நன்றாக இருக்கிறது என்றாள் யுவராணி. பிறகு ஏன் நிறுத்தினாய்?

மொட்டிலேயே கிள்ளும் அந்தச் சொற்றொடர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எந்த ‘பட்’டாக வெளியே வருமோ, நம்ப முடியவில்லை. ராகவன் ஹேமநாதனைப் பார்த்தார். ஹேமநாதன் அசையவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

யுவராணி கையை நீட்டினாள். நாற்றங்காலில் முளைக்கும் களையைக் கிள்ளியெடுப்பதுபோல, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் கிள்ளினாள். “சவுண்ட் சேஞ்ச். நவ் குட் பீஸ். டென் பீஸ் ஆஃப்டர், நாட் குட். ஸோ ஐ ஸ்டாப்.”

அந்தப் பெண்மணி அதேபோல் விரலைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு அந்தச் சொற்றொடரை முழுசாகச் சொன்னாள்.

“எஸ்,” என்றாள் யுவராணி. “தட் ஒன்.”

முனையைக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது விளிம்பில் மயிரிழை அளவுக்குச் சின்னதாக ஒரு உடைசல். அதை அவர்கள் கை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கையில் யுவராணி புது முனையைப் பொருத்திவிட்டாள். நேரமாகிறது, அடுத்த பிரிவுக்குப் போகலாம் என்றார் ராகவன்.

“ப்ளீஸ் வெயிட்,” என்றாள் அவள். “ஃபர்ஸ்ட் பீஸ்.”

முனை மாற்றினால் முதல் பாகத்தை அளந்து பார்க்காமல் அவள் லைனை விட்டு நகர்ந்ததில்லை. பொத்தானை அமுக்கினாள். மிஷின் சுழலத் தொடங்கியதும் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். ராகவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தப் பெண்மணி உதட்டில் விரலை வைத்தாள். யுவராணி அளந்து முடிக்கும்வரை எல்லோரும் நின்றார்கள்.