கராம்பு வாசமடித்த டேஷ்போர்ட்

பழைய வேன்ல டேஷ்போர்ட் கழட்டுறது சுலபம்தான், எந்த ஸ்க்ரூ எங்க ஒளிஞ்சிருக்குன்னு பூட்டினவனைக் கேட்டா. அவனோ ஜப்பான்ல இருக்கான். என்னை மாதிரி கராஜ் வச்சு மாரடிக்கிறவங்களுக்கு இது நல்லாவே விளங்கும்.

தலைகீழ்த் தூக்கம்

பிலிமத்தலாவையில என் கராஜுக்கு ஹாஜியாரோட வேன் வந்துச்சு. டேஷ்போர்ட்டுக்கு உள்ள இருக்கிற ஏசி காயில்ல ஓட்டை. அதுக்கு முழு டேஷ்போர்ட்டும் இறங்கணும். கழட்டுற ஸ்க்ரூவையெல்லாம் டிவி பெட்டிக்குள்ள வர்ற வெள்ளை ரிஜிஃபோம் அட்டையில, இருந்த ஒழுங்குலயே குத்தி வைக்கிறது என் வழக்கம். ஹாஜியார் மிளகு, கராம்பு யாவாரி. மல்லாந்து படுத்து, டேஷ்போர்ட்டுக்கு அடியில தலையை விட்டேன். உள்ளுக்கெல்லாம் கராம்பு வாசம். கடுகண்ணாவைப் பக்கமிருந்து மூடுபனியும் இறங்கிச்சா, கண்ணு சொக்கிருச்சு.

கனவுல வேன் ஓடுது. ஓட்டுறது செல்வம், ஹாஜியாரோட பழைய டிரைவர். மூணு வருசத்துக்கு முந்தி ஹாஜியார் மகளோட தங்கச் சங்கிலி இந்த வேன்ல காணாமப் போச்சு. அவன்தான் எடுத்தான்னு வேலையை விட்டு நிப்பாட்டிட்டாங்க. அப்புறம் பஸ் ஸ்டாண்டுல அவனைக் கண்டப்ப நானும் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். கனவுல அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். யாரோ காலைத் தட்டினாங்க. பார்த்தா ஹாஜியார்.

"வேன் எழும்புறதுக்கு முந்தி நீங்க எழும்புங்க தம்பி!"

கண்ணாடிக்குக் கீழ

முன் கண்ணாடிக்குக் காத்து அடிக்கிற நீட்டு ஓட்டைக்கு நேர் கீழ, பைப்புக்குள்ள என்னமோ மினுங்கிச்சு. கம்பியை வளைச்சு இழுத்தேன். சங்கிலி! காணாமப் போன அன்னைக்குப் புள்ளைக்கு வேர்க்குதுன்னு தாய் கழட்டி டேஷ்போர்ட் மேல வச்சிருக்காங்க; வளைவுல வழுக்கிப் போயிருக்கு. சீட்டையெல்லாம் தூக்கித் தேடினவங்களுக்கு இது தோணல்ல. சீட்டைக் கழட்டிக் குடுத்த எனக்கும் தோணல்ல, பாவி. ஹாஜியார் சங்கிலியைக் கையில வாங்கி, அப்படியே வேன் படியில உக்காந்துட்டார்.

"அல்லாவே, 'நான் எடுக்கல்ல'ன்டு அவன் ஒரே ஒரு தரம்தான் சொன்னான். நான்தான் நூறு தரம் கேட்டேன்."

பூட்டாத வேன்

செல்வத்தைப் பார்க்க இப்பவே போகணும்னார் ஹாஜியார். டேஷ்போர்ட்டைப் பூட்டிட்டுப் போவோம்னேன். மனுசன் கேக்கல்ல. டேஷ்போர்ட் கராஜ் சுவர்ல சாஞ்சு கிடக்க, ஹாஜியார் வேனை ஓட்ட, தொங்குற வயரையெல்லாம் மடியில பிடிச்சுக்கிட்டு நானும் செல்வத்தோட ஊரான புசல்லாவைக்குப் போனேன். தேயிலை மலையெல்லாம் பனி. இன்னும் தூக்கம் கலையல்லையோன்னு இருந்துச்சு.

செல்வம் புல்லு வெட்டுற வேலையில இருந்து வந்தான். திருடன்னு பேர் வந்ததுக்கப்புறம் யாரும் அவன் கையில வண்டி குடுக்கல்லையாம். ஹாஜியார் அவன் கையைப் பிடிச்சு அழுதார். நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னார். செல்வம் சங்கிலியைப் பார்த்தான், வெறும் எலும்பா நிக்கிற வேனைப் பார்த்தான். கோபமே படல்ல.

"சங்கிலி கெடச்சது சந்தோசம் ஹாஜியார். என்னோட மூணு வருசம் எந்த ஓட்டையில விழுந்திச்சு, அதையும் கொஞ்சம் தேடிப் பாருங்க."

டேஷ்போர்ட்டை ஒரு ஸ்க்ரூ மிச்சமில்லாம திருப்பிப் பூட்டிட்டேன், ஆனா அவன் தேடச் சொன்னதை மட்டும் இன்னைக்கு வரைக்கும் எந்த வண்டிக்குள்ளயும் காணோம்.