ஈர மணலில் அம்மா

அண்ணன் மீன்பிடிக்கப் போன வள்ளம் திரும்பவேண்டிய நாள் போய், மறுநாளும் வரவில்லை. காற்று அடங்கவே இல்லை. போன் அடித்தால் அணைத்துவைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. அம்மா, கரையிலிருந்து மாதா சிலை இருக்கும் கெபிவரை முழங்காலிலேயே வருவதாக நேர்ந்துகொண்டாள். உச்சிவெயிலில் என்பதையும் அவளாகவே சேர்த்துக்கொண்டாள்.

எங்கள் திரேஸ்புரத்துக் கரையில் மணலைவிடச் சிப்பி ஓடு அதிகம். நேர்ந்தவர் போகும் வழியைக் கூட்டக் கூடாது, துணி விரிக்கக் கூடாது என்பது வழக்கம். ஒன்பது வயதில் எனக்கும் அது தெரியும். தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பாதி தூரத்தில் அம்மாவின் முழங்காலில் இரத்தம் தெரிந்தது. ஐஸ் கம்பெனிக் குழாயில் ஒரு குடம் பிடித்துவந்து அவளுக்கு முன்னால் நீளமாக ஊற்றினேன். ஈரம் பட்டதும் நின்றாள்.

"ஏளா, நீயா ஊத்துன?"

தலையாட்டினேன். அம்மா திட்டவில்லை. எழுந்து கரைக்கே திரும்பிப் போய், முதலிலிருந்து முட்டி போட்டாள்.

அண்ணன் வராமல் போனால் அது இந்த ஒரு குடம் தண்ணீரால்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. பின்னாலேயே போனேன். கடலைப் பார்க்கவும் பயம், அம்மாவின் காலைப் பார்க்கவும் பயம்.

மறுபடி பாதி தூரம் வந்திருப்பாள். சித்தி ஓடிவந்தாள்.

"யக்கா, வள்ளம் கீழவைப்பார்ல ஒதுங்கிட்டாம். எல்லாரும் நல்லாருக்காவளாம். எந்திரி."

அம்மா எழவில்லை. நான் குனிந்து அவள் காதருகே சொன்னேன்.

"அம்மா, அண்ணன் வாரான். நிசமாத்தான்."

"கேட்டுச்சு. தள்ளிப் போ."

"மாதாவே போதும்னுட்டா, இவ விடமாட்டேங்கா" என்றாள் சித்தி.

கெபியின் படியில் கை வைத்த பிறகுதான் அம்மா எழுந்தாள். அதற்கும் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

சாயங்காலம் அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கி, மூன்று தட்டு சோறு தின்றுவிட்டுத் தூங்கிப்போனான். அம்மாவின் முழங்காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, சித்தி வந்து சொன்னதும் ஏன் எழவில்லை என்று கேட்டேன்.

"ஒங்க அப்பாவுக்கு நேந்த அன்னைக்கும் இப்படித்தான் வந்து சொன்னாவ, வள்ளம் வந்துட்டுன்னு. பாதியில எந்திரிச்சு ஓடுனேன். அது வேற வள்ளம்."

அப்பாவின் முகம்கூட எனக்கு நினைவில்லை. அம்மா சொன்னதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: அவ்வளவு சொல்லியும் அவள் என்னை நம்பவில்லை. கோபம் வந்தது. இன்னொரு முழங்காலுக்கு எண்ணெய் தடவாமலே எழுந்து வெளியே போய்விட்டேன்.