ஓரகத்தி வளர்த்த படிகாரக் கல்

என் ஓரகத்திக்கு எது கெடச்சாலும் எனக்கு வயிறு எரியும். சொல்றதுக்கு என்ன வெக்கம்? என் கொழுந்தனைக் கட்டிக்கிட்டு வந்தவ. என்னைவிட நிறம், என்னைவிட நிதானம். மாமியா வாயில நல்ல பேரு வாங்கினது அவ ஒருத்திதான்.

அந்த வருசம் மதுரைக் காலேஜ் வாத்தியார் ஒருத்தர் உத்தமபாளையம் பள்ளிக்கூடத்துக்கு வந்தாக. உப்பு, சீனி, படிகாரம் எல்லாத்துக்கும் உள்ள கண்ணுக்குத் தெரியாத துணுக்குக வரிசையா அடுக்கி இருக்காம். அதனாலதான் பட்டை பட்டையா வளருதாம். சீமையில பெரிய ஆளுக படிக்கிற படிப்பு இது, நீங்களும் வீட்டுல வளத்துப் பாருங்கன்னு பொம்பளைகளுக்கும் ஆளுக்கொரு பொட்டலம் படிகாரம் கொடுத்தாக. சுடுதண்ணியில கரைச்சு ஜாடியில ஊத்தி ஆறவிட்டு, சின்னப் படிகாரத் துண்டு ஒண்ணை ஒத்தத் தலைமுடியில கட்டி உள்ள தொங்கவிடணும். அசைக்கவே கூடாது. யார் கல்லு பெருசா, தெளிவா இருக்கோ அவுகளை மதுரையில நடக்கிற காட்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்னாக. தேனிக்கு அங்கிட்டு நான் எதைக் கண்டேன்? எனக்கு மதுரை வேணும். அம்புட்டுத்தான்.

என் ஜாடியை என் அறை மாடத்துல வச்சேன், அவ அவ அறையில வச்சா. கொஞ்ச நாள்லயே என் ஜாடி அடியில நொய்யரிசி கணக்கா பொடிப்பொடியா கெடந்துச்சு. திரும்பக் காய்ச்சி ஊத்துனேன். திரும்பவும் நொய்தான். அவ ஜாடியில எலந்தப்பழம் தண்டிக்கு ஒரு கல்லு, எட்டுப் பக்கமும் சீவி விட்டாப்ல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"என்னடி மந்திரம் போட்ட?"

"ஒண்ணும் இல்லக்கா."

அந்த 'ஒண்ணும் இல்ல' இன்னும் எரிச்சலைக் கெளப்புச்சு.

வாத்தியார் திரும்பி வந்தாக. அவ கல்லைக் கையில வாங்குனவுக கீழ வைக்கவே இல்ல. "எப்படிம்மா இம்புட்டுத் தெளிவு?"ன்னாக.

அவ குனிஞ்ச தலை நிமிரல. "அக்கா அறையில தொட்டில் ஆடுதுங்க. அந்த ஆட்டத்துல ஜாடி நடுங்கி எல்லாம் பொடியாயிருது. என் அறையில ஆடுறதுக்கு ஒண்ணும் இல்லைங்க."

கல்யாணமாகி வருசம் பல ஆகியும் அவளுக்குப் புள்ள இல்ல. எனக்கு மூஞ்சிய எங்கன வச்சுக்கிறதுன்னு தெரியல.

அப்பறம் அவளே சொன்னா: "நான் மதுரைக்கு வரலைங்க. அக்கா கொண்டு போகட்டும். புள்ளைய நான் பாத்துக்கிறேன்."

விடுவேனா? பால்குடி மறந்த புள்ளதானேன்னு வீட்டுக்காரகளோட கெளம்பிட்டேன். மதுரையில அந்தக் கல்லைச் சுத்தி ஒரே சனம். "நீ வளத்ததாம்மா?"ன்னு கேட்டவுகளுக்கெல்லாம் "என் ஓரகத்தி, என் ஓரகத்தி"ன்னு சொல்லிச் சொல்லி வாயே கசந்துபோச்சு.

மறுநா மத்தியானம் வீடு வந்து சேந்தேன். என் மகன் அவ இடுப்புல உக்காந்து அவ தாலிக்கயித்தைச் சப்பிக்கிட்டு இருந்தான். "வாடா ராசா"ன்னு கையை நீட்டுனேன். வரமாட்டேன்னு மூஞ்சியை அவ தோள்ல பொதைச்சுக்கிட்டான். அவ சிரிச்சா. அப்படி ஒரு சிரிப்பு அவ மொகத்துல நான் பாத்ததே இல்ல.

வெடுக்குன்னு புள்ளையப் பிடுங்கிக்கிட்டேன்.